மூட்டையைச் சுமந்தவர் யார்?
(துறவு இலக்கியத்தை வாசித்தல் பற்றிச் சில குறிப்புகள்)

நமது இலக்கிய வட்டத்தில் துறவு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. இஸ்லாத்தில் துறவறம் இல்லை, ஆகவே குணங்குடி மஸ்தான் சாஹிபு போன்றோரின் பாடல்கள் சித்தர் மரபிடமிருந்து இரவல் வாங்கியவை என்பது ஒரு குரல். சூபிப் பாடல் என்றாலே மனஅமைதி, பேரின்பம் என்று உருகி, பாடல் உண்மையில் என்ன சொல்கிறது என்று பாராமலே பாராட்டி முடித்துவிடுவது மற்றைய குரல். முதலாவது குரல் பாடலை வாசிக்காமலே தள்ளிவிடுகிறது. இரண்டாவது குரல் வாசிக்காமலே தழுவிக்கொள்கிறது. இரண்டிலும் வாசிப்பு நிகழவில்லை.

ஸுஹ்து என்று நமது முன்னோர் சொன்ன பற்றறுத்தலை ஓர் இலக்கியப் பொருளாக எடுத்துக்கொண்டால், விமர்சகன் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. யார் விடுகிறார்? எதை விடுகிறார்? அவர் விட்டதனால் வந்த சுமையை யார் சுமக்கிறார்? இவற்றுக்குப் பிறகுதான், அதனால் உள்ளம் அமைதி பெறுகிறதா என்ற கேள்வி வரவேண்டும். இந்தக் கேள்விகளோடு சில பிரதிகளை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

நான் இருக்கும் நல்லதண்ணியிலிருந்தே தொடங்கலாம். நாம் பாவா ஆதம் மலை என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்றும் அழைக்கும் 2243 மீற்றர் உயரமான மலையின் அடிவாரம் இது. ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடம் இதுதான் என்று அல்குர்ஆன் கூறவில்லை. அது வழிவழி வந்த செய்தி. ஆனால் அந்தச் செய்தியை நம்பி வந்தவர்களில் ஒருவர் இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டு இம்மலையில் ஏறிய அவர், பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர் மொரோக்கோவில் தம் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்பவர் எழுதிய நூலே 'ரிஹ்லா'. அவர் ஏறிய பாதை நமது நல்லதண்ணிப் பாதைதானா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமுகப்படவில்லை. அது இங்கு நமக்கு முக்கியமுமன்று.

அவரது மலை வர்ணனையில் ஓர் இடம் துறவு பற்றிச் சிந்திப்போர் அனைவரும் வாசிக்க வேண்டியது. பாறையில் பத்துச் சங்கிலிகள் உள்ளன என்கிறார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அங்கிருந்து கீழே நோக்குபவன் விழுந்துவிடுவேனோ என்று அஞ்சிக் கலிமாவை மொழிந்துவிடுகிறானாம். அதற்கப்பால் ஹிழ்று (அலை) அவர்களின் பெயரால் அமைந்த குகை. அக்குகையில் யாத்திரிகர்கள் தம் உடைமைகளையெல்லாம் வைத்துவிட்டு, வெறுங்கையோடு உச்சிக்கு ஏறுவார்கள். துறவுக்கு இதைவிடச் சிறந்த உருவகத்தை எந்தக் கவிஞராலும் கட்டியிருக்க முடியாது. அச்சம், அச்சத்தில் பிறக்கும் சாட்சியம், பிறகு சுமையிறக்கம், அதன் பிறகே உச்சி.

இந்த இடத்தை மேற்கோளாக எடுத்தாள்வோர் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் இப்னு பதூதா நிறுத்தவில்லை. பாதச் சுவடு உள்ள பாறையில் ஒன்பது குழிகள் வெட்டப்பட்டிருந்ததையும், பிற சமயத்து யாத்திரிகர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் காணிக்கையாக இட்டதையும் சொல்கிறார். ஹிழ்று குகையை அடைந்த பக்கீர்கள், அக்குழிகளில் உள்ளதை எடுப்பதற்காக ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடுவார்கள் என்றும் சொல்கிறார். அவரது குழுவினர் போனபோது சில கற்களும் சிறிதளவு பொன்னுமே இருந்தனவாம். அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சுமையை இறக்கி வைத்த அதே இடத்திலிருந்துதான் பொன்னை நோக்கிய ஓட்டமும் தொடங்குகிறது. இப்னு பதூதா இதற்கு ஒரு வரி விளக்கமும் தரவில்லை. கண்டிக்கவுமில்லை, நகைக்கவுமில்லை. ஒரு நல்ல சிறுகதையாசிரியனின் அடக்கம் அது. பக்கீரின் கந்தலாடையும் வெறுங்கையும் ஸுஹ்து ஆகிவிடாது என்பதை உபதேசத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். இந்த ஒரு காட்சி அதைக் கண்ணால் காண வைக்கிறது.

இதே நூலில் இன்னோர் இடமும் உண்டு. புத்தளத்தில் இப்னு பதூதாவை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, வேண்டியதைக் கேளும் என்கிறான். பாதத்தைத் தரிசிப்பது தவிர வேறு ஆசை இல்லை என்கிறார் நமது யாத்திரிகர். உலகப் பொருளை வேண்டாத உள்ளம்தான். ஆனால் அந்த ஒரே ஆசை நிறைவேற மன்னன் கொடுத்தவற்றின் பட்டியலைப் பாருங்கள். அடிமைகள் தோளில் சுமக்கும் ஒரு பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரச பரிவாரத்தினர் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமப்பதற்குப் பதினைந்து பேர்.

இந்தப் பகுதியை ஒருமுறை பத்தாம் தர மாணவர்களுக்கு எனது சொந்த நடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாத்திரைக் காலத்தில் மலைமேல் தேநீர்க் கடைகளுக்குச் சாமான் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன் எழுந்து, "சேர், அந்தப் பதினஞ்சு பேரும் பாதத்தப் பாத்தாங்களா?" என்று கேட்டான். நூலில் அதற்கு விடை இல்லை. சுமந்தவர்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். பிறகு கதையிலிருந்து மறைந்துபோகிறார்கள். அவர்கள் பாதம் வரை வந்தார்களா, குகையில் எதை இறக்கி வைத்தார்கள், இறக்கி வைத்தது அவர்களுடையதா என்பதொன்றும் பதியப்படவில்லை. எனது பார்வையில், துறவு இலக்கியம் முழுவதையும் நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அந்த மாணவனுடையதுதான். ஒருவர் மூட்டையை விட்டுவிட்டு ஏறுவதற்கு முதலில் அவருக்கு ஒரு மூட்டை இருக்க வேண்டும். அதை அதுவரை கொண்டுவந்து சேர்த்தவர் பெரும்பாலும் வேறொருவர்.

பற்றறுத்தலின் சரியான இலக்கணத்தையும் இப்னு பதூதாவே வேறோரிடத்தில் தருகிறார் என்பது வியப்புக்குரியது. இம்மலை யாத்திரையை முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்டவர் என்று அவர் குறிப்பிடுவது ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு அபூ அப்தில்லாஹ் இப்னு கபீபை. ஷெய்கும் அவருடன் வந்தோரும் இம்மலைக் காட்டில் வழிதவறிப் பசியால் வாடுகிறார்கள். உடன் வந்தோர் ஒரு யானைக் கன்றைக் கொன்று தின்கிறார்கள். ஷெய்கு தடுக்கிறார்; அவர்கள் கேட்கவில்லை; அவர் உண்ணவில்லை. இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவராக முகர்ந்து, தின்றவர்களைக் கொன்றுவிடுகின்றன. ஷெய்கை முகர்ந்த யானை அவரைத் தன் முதுகில் ஏற்றி, ஊர் உள்ள இடத்தில் கொண்டுவந்து விடுகிறது. மௌலானா ரூமியின் மஸ்னவியிலும் இதனை ஒத்த கதை உண்டு.

இதை ஒரு கராமத்துக் கதையாக மட்டும் வாசிப்பது போதாது. ஷெய்குக்கும் அதே பசிதான். அவர் விட்டது உணவை மட்டுமன்று. இன்னோர் உயிரின் பிள்ளையைத் தின்று தன் வயிற்றை நிரப்பும் உரிமையை அவர் விட்டார். ஸுஹ்து இங்கே தனிமனிதனுக்கும் அவனது ஆசைக்கும் இடையே மட்டும் நடக்கும் வழக்கு அன்று. அதில் ஒரு மூன்றாம் தரப்பு இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வதால் இழப்பவர் யார் என்று பார்ப்பதே அங்கு பற்றறுத்தல்.

இஸ்லாத்தில் துறவறம் இல்லை என்போர் காட்டும் ஆதாரங்கள் வலுவானவையே. துறவு மடத்து வாழ்வைத் தாம் விதிக்கவில்லை, அவர்களே அதைப் புதிதாக ஏற்படுத்திக்கொண்டார்கள் என்ற கருத்தை அல்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கூறுகிறது. இரவெல்லாம் தொழுவேன், நாளெல்லாம் நோன்பிருப்பேன், மணமே செய்யேன் என்று உறுதிபூண்ட மூவரை நபி (ஸல்) அவர்கள் திருத்திய ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அபூ தர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குச் சென்ற ஸல்மானுல் பாரிஸீ (ரழி) அவர்கள், அவரது மனைவியின் சோர்ந்த கோலத்தைக் கண்டு, உமது இறைவனுக்கும் உமது உடலுக்கும் உமது குடும்பத்துக்கும் உரிமையுண்டு, ஒவ்வொருவர்க்கும் உரியதைக் கொடும் என்று உணர்த்திய செய்தியும் அதே நூலில்தான் உண்டு. ஒரு ஸஹாபியின் மிகையான துறவை வெளிப்படுத்திக் காட்டுவது அவரது மனைவியின் நிலைமை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கும் அதே கேள்வி: அவர் விட்டதை யார் சுமந்தார்?

ஆனால் இவ்வாதாரங்கள் மறுப்பது உலகை விட்டு ஓடுவதைத்தான். உலகின் பிடியிலிருந்து உள்ளம் விடுபடுவதை அல்ல. அதே 57ஆம் அத்தியாயத்தின் 23ஆம் வசனம், தவறிப்போனதற்காகத் துக்கப்படாமலும் கிடைத்ததற்காகப் பூரித்துப் பெருமையடிக்காமலும் இருக்கும் நிலையைப் பேசுகிறது. ஸுஹ்துக்கு இதையே வரைவிலக்கணமாகக் கொண்ட பெரியோர் பலர். உள்ளங்கள் இறைநினைவால் அமைதி பெறுகின்றன என்ற 13ஆம் அத்தியாயத்தின் 28ஆம் வசனக் கருத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், அமைதி என்பது பொருள் இல்லாததனால் வருவதன்று, பொருளின் வரவும் செலவும் நினைவின் மையத்தை அசைக்காததனால் வருவது என்பது விளங்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் வறுமையையும் பற்றறுத்தலையும் ஒரே பாகத்தில் சேர்த்து எழுதியுள்ளார்கள். பொருளை வெறுத்து ஓடுபவனைவிடவும், அது இருப்பதும் இல்லாததும் ஒன்றாகத் தோன்றுபவனை அவர்கள் மேலாக வைக்கிறார்கள். அதற்குக் காட்டும் உதாரணம் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள். ஓர் இலட்சம் திர்ஹம் வந்த அன்றே அத்தனையையும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார்கள். நோன்பு திறக்க ஒரு திர்ஹத்துக்கு இறைச்சி வாங்கியிருக்கலாமே என்று பணிப்பெண் கேட்க, நினைவூட்டியிருந்தால் செய்திருப்பேனே என்கிறார்கள். இறைச்சி மீது வெறுப்பில்லை, துறவின் பெருமிதமில்லை. மறந்துதான் போயிருக்கிறார்கள். கஸ்ஸாலி அவர்களின் சொந்த வாழ்வும் நோக்கத்தக்கது. 1095ஆம் ஆண்டு பக்தாத் நிஸாமிய்யாவின் புகழ்மிக்க பதவியை விட்டுச் சென்றபோது பொருளைப் பகிர்ந்தளித்தவர்கள், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதிய அளவை ஒதுக்கி வைத்தே சென்றதாகத் தாமே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பசி மீது கட்டப்பட்ட துறவாக அது இருக்கவில்லை. 1106இல் நிஷாபூரில் மீண்டும் கற்பிக்கவும் வந்தார்கள்.

இனிக் குணங்குடியாரிடம் வருவோம். 1792இல் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்று, இளம் வயதில் வீட்டைத் துறந்து, காதிரிய்யா வழியில் தீட்சை பெற்று, இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கி 1838இல் மறைந்தவர். தொண்டியார் வாழ்ந்த இடமாதலின் தண்டையார்பேட்டை எனப் பெயர் வந்தது என்பர். இந்துத் தமிழ்ப் புலவரான சரவணப்பெருமாளையர் இவர் மீது நான்மணிமாலை பாடினார். 'முகியித்தீன் சதகம்' பாடிய அதே வாய் 'அகத்தீசன் சதக'மும் பாடியது. இதனைக் காட்டியே இரவல் என்று சொல்வோர் உளர்.

இரவல் வாதத்துக்கு விடை பாடலின் உள்ளேயே கிடைக்கிறது. சித்தர் சொற்களை அவர் எடுத்தாண்டது தமிழில் உள்ளத்தைப் பற்றிப் பேசுவதற்கு அன்று இருந்த மொழி அதுவே என்பதால். பாரசீகத்துச் சூபிகள் தம் மொழியின் மதுக்கடைச் சொற்களை எடுத்தாண்டதும் இவ்வாறே. பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் காலம் முழுதும் செய்த பணியின் பலன்களில் ஒன்று, இத்தகைய நூல்கள் தமிழுக்கும் இஸ்லாத்துக்கும் ஒருங்கே உரியவை என்பதை நிலைநாட்டியதாகும். அந்த வழக்கு தீர்ந்துவிட்டது; அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை.

ஆனால் பாராட்டுவோர் கவனிக்காத ஒன்று உண்டு. குணங்குடியாரின் பாடல்களில் அமைதி எங்கே இருக்கிறது? 'எக்காலக்கண்ணி' என்ற பெயரையே பாருங்கள். எப்போது, எப்போது என்ற ஏக்கமே அதன் யாப்பு. 'பராபரக்கண்ணி', 'றகுமான்கண்ணி' முதலியவை இறைவனை விளித்து நிற்பவை. விளிப்பவன் இன்னும் வந்து சேராதவன். இரண்டிரண்டு அடிகளாக உடைந்து, ஒவ்வொரு கண்ணியும் மீண்டும் அதே வாசலைத் தட்டுகிறது. இது அடைந்தவனின் ஓய்வன்று, விட்டவனின் தவிப்பு. வீட்டை விட்டது ஒரே நாளில் முடிந்துவிட்டது. உள்ளத்தை விடுவிப்பதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் தேவைப்பட்டன. அவரை 'மனஅமைதி தரும் கவிஞர்' என்று விளம்பரம் செய்வது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அவரது நேர்மை, அமைதி கிடைத்துவிட்டதாக நடிக்காததில் இருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். மண்ணாசை, பொன்னாசை, பெண்ணாசை என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டும் பழைய வழக்கு அவரிடமும் உண்டு. மண்ணும் பொன்னும் பொருள்கள். பெண் உரிமையுள்ள ஓர் ஆன்மா. அபூ தர்தாவின் மனைவிபோல. நூறாண்டுகளுக்கு மேலாகப் பெண்கள் முதுகில் கூடை கட்டி இந்நாட்டின் வருமானத்தைச் சுமந்த இம்மலைகளிலிருந்து வாசிக்கும்போது அந்த வரிசை கண்ணை உறுத்துகிறது. அதே கவிஞர்தான் மெய்ப்பொருளை 'மனோன்மணி' என்று பெண்ணாக்கி உருகுகிறார். விண்ணில் பெண்ணைத் தேடி மண்ணில் பெண்ணை விட்டோடும் இந்த முரணை நமது விமர்சனம் இதுவரை போதியளவு பேசவில்லை.

இவற்றையெல்லாம் இன்று ஏன் பேச வேண்டும்? மலையகத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் நமது இளங்கவிஞர்கள் எழுதும் கவிதைகளில் உலகம் மாயை, வாழ்வு நீர்க்குமிழி, செல்வம் நிழல் என்ற தொடர்கள் நிறைந்து கிடக்கின்றன. இவற்றுள் எந்தக் கவிதையிலும் விடப்பட்ட ஒரு பொருளின் பெயரில்லை. கடையா, காணியா, பதவியா, கைக்கூலியா? கைக்கூலி வாங்கித் திருமணம் செய்த கையே அடுத்த மாதம் நீர்க்குமிழிக் கவிதை எழுதுகிறது. பொருளின் பெயரில்லாத துறவு, விலையில்லாத துறவு.

இதைவிடத் தீங்கானது, இந்தத் தொடர்கள் இல்லாதவனை நோக்கித் திருப்பப்படுவது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தைப் பல ஆண்டுகள் கேட்டு 2021இல்தான் பெற்றுக்கொண்ட தோட்டத் தொழிலாளியிடம் பற்றை விடு என்பதற்கு என்ன பொருள்? 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற தாயிடம் போதுமென்ற மனம் பற்றிக் கவிதை வாசிப்பது எத்தகைய இலக்கியப் பணி? வறுமை விதிக்கப்பட்டவனின் நிலை. ஸுஹ்து தேர்ந்துகொண்டவனின் நிலை. கஸ்ஸாலி அவர்கள் இரண்டையும் ஒரே பாகத்தில் வைத்துத் தனித்தனியே விளக்கியது, இரண்டும் ஒன்றல்ல என்பதனாலேயே.

அப்படியாயின் இல்லாதவனுக்குப் பற்றறுத்தலில் ஒன்றுமே இல்லையா? உண்டு. அதைக் காட்டுபவர் அபூதர்ருல் கிபாரீ (ரழி) அவர்கள். பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைப்போரை எச்சரிக்கும் 9ஆம் அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தை ஷாம் தேசத்து ஆட்சியாளர் முன்னிலையிலேயே எடுத்துக்கூறியவர் அவர். இறுதியில் ரபதாவின் பாலைவெளியில் தனிமையில் மறைந்தார். அவரிடம் பறிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அவரை வாங்கவோ அச்சுறுத்தவோ முடியவில்லை. இழப்பின் அச்சம் நீங்கிய உள்ளத்தின் அமைதி அது. வாய்மூடி இருப்பதற்கு மட்டுமல்ல, வாய்திறப்பதற்கும் அந்த அமைதி வேண்டும். ஏழைக்கு ஸுஹ்து கூலியை விட்டுக்கொடுக்கும் பாடமாக அன்று, கூலி கேட்கும்போது நடுங்காதிருக்கும் பாடமாகவே சென்று சேர வேண்டும்.

நமது மலைநாட்டிலேயே இதற்கு இன்னொரு முன்மாதிரி உண்டு. குணங்குடியார் மறைந்த அதே 1838இல் கண்டியில் பிறந்தவர் அறிஞர் சித்திலெப்பை. 'அஸ்றாறுல் ஆலம்' என்ற தத்துவ நூலில் படைப்பின் இரகசியங்களைப் பேசிய அவரே 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். வழக்கறிஞர் தொழிலின் வருமானத்தையும் காலத்தையும் பாடசாலைகளுக்காகச் செலவிட்டார். அவரைச் சீர்திருத்தவாதி என்றும் சூபி என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது நமது வழக்கம். அவரைப் பொறுத்தவரை இவை இரண்டல்ல. உள்ளே பிடி தளர்ந்த கை வெளியே பிறருக்காகத் திறந்தது, அவ்வளவுதான். தாம் இறக்கி வைத்த மூட்டையைக் குகையில் விட்டுவிடாமல், தேவையானவன் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைத்தவர் அவர்.

ஆகவே நமது சஞ்சிகைகளுக்குத் துறவுக் கவிதை அனுப்பும் இளம் நண்பர்களிடம் கேட்பது இதுதான்: விட்ட பொருளின் பெயரை எழுதுங்கள். அதன் விலையை எழுதுங்கள். அதை விட்டபோது வீட்டில் யார் சுமந்தார், ஊரில் யார் பெற்றுக்கொண்டார் என்பதை எழுதுங்கள். விட முடியாமற் போனால் அதையும் குணங்குடியாரைப்போல மறைக்காமல் எழுதுங்கள். விமர்சகர்களும் உள்ளம் உருகியதை மட்டும் அளக்காமல், பல்லக்கைச் சுமந்தவர்களும் உணவுப் பொருள் சுமந்த பதினைந்து பேரும் கவிதைக்குள் வந்திருக்கிறார்களா என்று பார்ப்போமாக.